டைர் ஸ்ட்ரெயிட்ஸை உலகம் மறந்துவிட்டதா?

கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கிட்டார் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் இப்போது நிறைய. சனி ஞாயிறுகளில் பாலக்காட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ் ஏறிப் போய்ப் படிக்கிறார்கள். மற்ற நாட்களில் யூட்யூப்தான் வாத்தியார். கை கொஞ்சம் தேறியதும் அவர்களில் பலர் வந்து சேருகிற பாட்டு ஒன்று உண்டு: 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்'. அதன் கடைசியில் வருகிற வேகமான துண்டைத் தப்பில்லாமல் வாசித்துக் காட்டுவதில் அவர்களுக்கு ஒரு பெருமை. யார் பாட்டு என்று கேட்டுப் பாருங்கள், பலர் முழிப்பார்கள். டைர் ஸ்ட்ரெயிட்ஸ் என்று பேரைச் சொல்கிறவர்களுக்கும் அந்த பிரிட்டிஷ் ராக் குழு ஒரு காலத்தில் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது புதுச் செய்தி.

என் வயதுக்காரர்களுக்கோ இது நம்ப முடியாத விஷயம். எண்பதுகளின் கடைசியில் துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் லீவுக்கு வந்தவர்களின் பெட்டியில் டூ-இன்-ஒன் (ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டி) இருந்தால், கூடவே ஒன்றிரண்டு இங்கிலீஷ் கேசட்டும் இருக்கும். நீலநிற வானத்தில் வெள்ளி நிறக் கிட்டார் ஒன்று சாய்ந்து மிதக்கிற அட்டைப்படத்தை நாங்கள் பார்த்தது அப்படித்தான். கேசட் கடையில் கொடுத்துக் காலி கேசட்டில் பதிவு செய்துகொள்வோம். கானமேளா என்கிற மேடைப் பாட்டுக் கச்சேரிகளில் கிட்டார் வாசிக்கப் போன என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கேசட்தான் பாடப் புத்தகம்.

அப்படியானால் அந்தக் குழுவின் புகழ் மங்கிவிட்டதா? இதை ஒழுங்காகக் கேட்பது எப்படி, பதிலை எங்கே தேடுவது என்பதைப் புதிதாக இசை கேட்க வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். ராக் இசையைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு கலைஞர் விட்டுப்போவதில் மூன்று சங்கதிகள் கலந்திருக்கின்றன. ஒன்று அவருடைய பேர். இரண்டாவது அவருடைய பாட்டு. மூன்றாவது அவருடைய கை, அதாவது பாணி. அவர் வாசித்த விதம் மற்றவர்களின் விரலில் ஏறிக்கொள்வது. இந்த மூன்றும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. பெரும்பாலும் பேர்தான் முதலில் போகிறது. பாட்டு அதைவிட நீண்டநாள் நிற்கும். கை அதற்கும் மேலே. 'மறந்துவிட்டார்களா' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருவது இதனால்தான். ஒருவர் பேரை நினைத்துப் பேசுகிறார், இன்னொருவர் பாட்டை நினைத்துப் பேசுகிறார்.

யார் இவர்கள்

1977-இல் லண்டனின் டெட்ஃபோர்ட் பகுதியில் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த குழு. மார்க் நாஃப்ளர் பாடி, முதன்மைக் கிட்டார் வாசித்தார். பாட்டு எழுதுவதும் அவரே. தம்பி டேவிட் நாஃப்ளர் இன்னொரு கிட்டார். ஜான் இல்ஸ்லி பேஸ் கிட்டார், பிக் விதர்ஸ் டிரம்ஸ். கையில் காசில்லாமல் திண்டாடிய காலம், குழுவின் பேரும் அந்தத் திண்டாட்டத்தைச் சொல்கிற பேர்தான். மார்க் அதற்கு முன் பத்திரிகை நிருபராக இருந்தவர், கல்லூரியில் பாடம் நடத்தியவர். பாட்டுக்குள் ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தி அவன் கதையைச் சொல்கிற பழக்கம் அவருக்கு அங்கிருந்து வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஒரு சின்ன ஸ்டுடியோவில் ஐந்து பாட்டைப் பதிவுசெய்து, பிபிசி ரேடியோ லண்டனில் நிகழ்ச்சி நடத்திவந்த சார்லி கில்லெட்டிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆலோசனை கேட்கத்தான் போனார்கள். அவருக்குப் பிடித்துப்போய் 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்'கை வானொலியில் போட்டார். ரெக்கார்ட் கம்பெனிகள் தேடி வந்தன. 1978-இல் முதல் ஆல்பம்.

அந்தப் பாட்டு எதைப் பற்றி என்று தெரிந்தால் இந்தக் கட்டுரையின் கேள்வியே அதற்குள் இருப்பது புரியும். மழை பெய்கிற இரவில், கூட்டமே இல்லாத ஒரு மதுக்கடையின் மூலையில் வாசித்துக்கொண்டிருக்கும் ஜாஸ் குழு. பகலில் வேறு வேலை பார்க்கிற ஆட்கள். பேர் எடுக்க வேண்டும் என்கிற தவிப்பு இல்லை, வாசிப்பதில் சந்தோஷம். மூலையில் நிற்கிற இளவட்டங்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இரவு ஒரு மணிக்கு மேல் கூட்டம் கலைந்த பிறகும் உயிரைக் கொடுத்து வாசிக்கிற கானமேளாக்காரர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாட்டுக்கு உரை தேவையில்லை.

உச்சம் 1985-இல் வந்தது, கேசட் அட்டையில் கிட்டார் மிதந்த அந்த ஆல்பத்தோடு. 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' ஆல்பம் பிரிட்டனில் மொத்தம் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது, அமெரிக்காவில் 9 வாரம், ஆஸ்திரேலியாவில் 34 வாரம். உலகம் முழுவதும் 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. சிடி வடிவில் மட்டும் பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் ஆல்பமும் அதுதான். அந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. சிடி அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. இந்த ஆல்பத்தை டிஜிட்டலாகவே பதிவுசெய்திருந்தார்கள், சத்தம் கண்ணாடி மாதிரி இருக்கும். புது சிடி பிளேயர் வாங்கியவர்கள் அதன் துல்லியத்தைக் காட்ட முதலில் போட்டது இதைத்தான். குழுவின் உலகச் சுற்றுப்பயணத்துக்கு உதவியது சிடியைக் கொண்டுவந்த கம்பெனிகளில் ஒன்றான பிலிப்ஸ். ஆக, ஒரு குழுவின் புகழும் ஒரு கருவியின் புகழும் கைகோத்து ஏறின. இதை மனதில் வையுங்கள், கீழே திரும்ப வேண்டியிருக்கும்.

1991-இல் கடைசி ஆல்பம், 1992 வரை நீண்ட சுற்றுப்பயணம். 1995-இல் சத்தமில்லாமல் கடையைச் சாத்தினார்கள்.

பேர் ஏன் மங்கியது

பேர் மங்கியிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏன் என்பதுதான் சுவாரஸ்யம்.

குவீன் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களும் அதே காலம், அதே நாடு. இன்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் அதன் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் மீசை தெரியும். அவர் 1991-இல் இறந்தார். அவருடைய வாழ்க்கையில் ஒரு பெரிய கதை இருந்தது, 2018-இல் அது சினிமாவாக வந்தது. மிச்சமிருக்கும் உறுப்பினர்கள் வேறு பாடகரோடு ஊர் ஊராகப் போனார்கள். அமெரிக்காவின் நிர்வாணா குழுவுக்கு அதன் பாடகர் கர்ட் கோபேனின் 1994 மரணம். பேர் நிலைக்க ஒரு கதை வேண்டியிருக்கிறது. அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல ஆளும் வேண்டியிருக்கிறது.

மார்க் நாஃப்ளரிடம் அப்படிச் சொல்ல எதுவும் இல்லை. நல்ல வேளையாக உயிரோடு இருக்கிறார். தகராறு, போதை, மேடையில் கிட்டாரை உடைப்பது எதுவும் கிடையாது. தலையில் பட்டி கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, அமைதியாக வாசித்துவிட்டுப் போகிற மனிதர். குழுவைத் திரும்பக் கூட்டுங்கள் என்று எத்தனை பேர் கேட்டும் இசையவில்லை. 2018 ஏப்ரலில் ராக் கலைஞர்களைக் கௌரவிக்கிற அமெரிக்காவின் ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இந்தக் குழுவைச் சேர்த்துக்கொண்டபோது மார்க் போகவில்லை. தம்பி டேவிட்டும் போகவில்லை. வழக்கமாக வேறொரு பிரபலம் வந்து குழுவை அறிமுகப்படுத்திப் பேசுவார். அதற்கும் ஆள் இல்லாமல் ஜான் இல்ஸ்லி தானே மேடையேறித் தன் குழுவைப் பற்றிப் பேசினார். இல்ஸ்லியை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கனக்கிறது. இத்தனை கோடிப் பிரதிகள் விற்ற குழுவுக்கு, பேரை எடுத்துச் சொல்ல வெளியாள் ஒருவர் இல்லை.

இரண்டாவது காரணம், அவர்கள் எந்தக் கூட்டத்தையும் சேர்ந்தவர்கள் இல்லை. 1977-இல் லண்டன் முழுக்க பங்க் இசை. மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு), கத்தல், கோபம். அந்த நேரத்தில் பழைய அமெரிக்க நாட்டுப்புற இசையையும் ப்ளூஸையும் காதில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுகிற மாதிரிப் பாடிய குழு இது. பங்க், மெட்டல், கிரஞ்ச் என்று ஒரு வகைக்குள் அடங்கும் குழுக்களுக்கு அந்த வகையின் ரசிகர்களே வாரிசு. புதிதாக மெட்டல் கேட்க வருகிற பையன் தானாகவே பின்னோக்கிப் போய் அந்த வகையின் ஆரம்பகாலக் குழுவான பிளாக் சப்பாத்தைக் கண்டுபிடிப்பான். டைர் ஸ்ட்ரெயிட்ஸுக்குப் போய்ச் சேர அப்படி ஒரு ராஜபாட்டை இல்லை.

மூன்றாவது, அந்த சிடி. ஏற்றிவிட்ட ஏணி இற்றுப்போய்விட்டது. சிடியின் துல்லியத்துக்காகக் கொண்டாடப்பட்ட ஆல்பத்துக்கு, எல்லாப் பாட்டும் துல்லியமாகவே கேட்கிற காலத்தில் அந்த மவுசு இல்லை. பெரிய ஸ்பீக்கர் கடைகளில் சத்தத்தைச் சோதித்துக் காட்ட இன்னும் அதைப் போடுவார்கள். ஆனால் அங்கே வருகிறவர்கள் நரைத்த தலைகள்.

நான்காவதாகச் சொல்ல வேண்டியது அளவுக்கு மீறிய புகழைப் பற்றி. 1985, 86-இல் வானொலியைத் திருப்பினாலும் டிவியைத் திருப்பினாலும் இவர்கள்தான். எம்டிவியைக் கிண்டல் செய்த 'மணி ஃபார் நத்திங்' எம்டிவியிலேயே ஓயாமல் ஓடியது. கம்ப்யூட்டரில் வரைந்த அதன் வீடியோவுக்கு 1986-இல் அந்தச் சேனலின் ஆண்டின் சிறந்த வீடியோ விருதும் கிடைத்தது. திகட்டும் அளவுக்குக் கேட்டுவிட்ட தலைமுறை அதைத் தன் பிள்ளைகளுக்கு ஆசையாக எடுத்துக் கொடுக்காது. பிள்ளைகளும் அதை அப்பாவின் கார்ப் பாட்டு என்று ஒதுக்கிவிடுவார்கள்.

காலம் வார்த்தைகளையும் மாற்றிவிடுகிறது. அதே பாட்டில், ஒரு கடைச் சிப்பந்தி பேசுவதாக வருகிற வரிகளில், ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவாகச் சொல்லும் ஒரு சொல் உண்டு. அதற்காக 2011 தொடக்கத்தில் கனடாவின் ஒலிபரப்புத் தரக் குழு அந்தப் பாட்டின் முழு வடிவத்தைத் தனியார் வானொலிகளில் போடக் கூடாது என்றது, பிறகு அதே ஆண்டில் முடிவைத் தளர்த்தியது. பாத்திரம் பேசுகிற பேச்சு அது, எழுதியவரின் கருத்து இல்லை. இருந்தாலும் அந்தச் சொல் இன்று காதில் குத்துகிறது என்பதையும் மறுக்க மாட்டேன்.

பேர் போனாலும் பாட்டு நிற்கும்

எலப்புள்ளி எங்களுக்குப் பக்கத்து ஊர். 1928-இல் அங்கே பிறந்தவர்தான் எம்.எஸ்.விஸ்வநாதன். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் தமிழ்நாடு. அங்கே எந்தப் பள்ளிக்கூடத்திலும் காலையில் 'நீராருங் கடலுடுத்த' பாடுகிறார்கள். மனோன்மணீயம் சுந்தரனாரின் அந்த வாழ்த்துக்கு மோகன ராகத்தில் மெட்டமைத்தவர் எம்.எஸ்.வி. தினமும் லட்சக்கணக்கான பிள்ளைகள் அவருடைய மெட்டைப் பாடுகிறார்கள். இது யார் மெட்டு என்று பிரேயர் முடிந்து வகுப்புக்குப் போகிற ஒரு பிள்ளையை நிறுத்திக் கேளுங்கள். பேர் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. அதனால் எம்.எஸ்.வி. மங்கிவிட்டார் என்று யாராவது சொல்ல முடியுமா? பேர் தேவைப்படாத அளவுக்குப் பாட்டு ஊரோடு கலந்துவிட்டது.

நாஃப்ளருக்கும் அப்படி நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் வடகிழக்கில் நியூகாசில் யுனைடெட் கால்பந்து அணி சொந்த மைதானத்தில் களமிறங்கும்போது ஒலிப்பது அவர் வாசித்த 'கோயிங் ஹோம்'. 1983-இல் 'லோக்கல் ஹீரோ' படத்துக்காக அவர் தனியாக அமைத்த இசை அது, குழுவின் பாட்டு இல்லை. அவர் வளர்ந்தது அந்தப் பக்கம் என்பதால் ஊரே சொந்தமாக்கிக்கொண்டது. பால்குடி மறந்த பிள்ளையிலிருந்து பல் போன தாத்தா வரை அதற்கு எழுந்து நிற்கிறார்கள். 2024-இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிட்டார் கலைஞர்கள் சேர்ந்து, புற்றுநோய் வந்த இளம்பிள்ளைகளுக்கு உதவ அதையே திரும்ப வாசித்தார்கள். கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கின் கடைசிப் பதிவு அதில் இருக்கிறது. பேர் சொல்ல ஆளில்லை என்று மேலே வருத்தப்பட்டேனே, கை கொடுக்க ஐம்பது பேர் வந்ததையும் சொல்ல வேண்டும்.

'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' பாட்டும் இப்படித்தான். 1982-இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் ஃபாக்லண்ட் தீவுகளுக்காகச் சண்டையிட்டபோது எழுதியது. 25 ஆண்டு கழித்து, 2007-இல், அந்தப் போரில் பங்கெடுத்த வீரர்களுக்காக நாஃப்ளர் அதை மறுபடி பதிவுசெய்தார். ஆல்பம் வெளியானதையே அறியாத குடும்பங்களுக்கு அது இன்று இரங்கல் பாட்டு.

ஆனால் இதில் ஒரு பெரிய நஷ்டமும் உண்டு, அதை மூடி மறைக்கக் கூடாது. நிற்பது ஒன்றிரண்டு பாட்டு மட்டும். ஸ்ட்ரீமிங் ஆப்கள் எது ஏற்கெனவே ஓடுகிறதோ அதையே மேலே தள்ளுகின்றன. 'சுல்தான்ஸ்' கேட்டவனுக்கு அடுத்து வேறொரு குழுவின் ஹிட் பாட்டு தானாக வந்து விழுகிறது. அதே குழு 1982-இல் வெளியிட்ட 'லவ் ஓவர் கோல்ட்' ஆல்பத்துக்குள் அவன் போவதற்குள் ரயில் பொள்ளாச்சி போய்விடும். மொத்தம் ஐந்தே பாட்டுள்ள ஆல்பம் அது. மெல்ல மெல்ல மறைந்துகொண்டிருப்பது இந்த மாதிரி நீளமான, பொறுமை கேட்கிற பாட்டுகள்தான். எனக்கு உண்மையான கவலை இதில்தான்.

கை என்றால் என்ன

இப்போது மூன்றாவது சங்கதிக்கு வருகிறேன். கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டிய இடம்.

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் வலது கையில் பிளெக்ட்ரம் என்கிற சின்னப் பிளாஸ்டிக் துண்டைப் பிடித்துக்கொண்டு தந்தியை மீட்டுவார்கள். சத்தம் கூர்மையாக, சமமாக வரும். நாஃப்ளர் அதை வைத்துவிட்டு வெறும் விரலால் வாசிக்கிறார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் தந்தியில். மோதிர விரலும் சுண்டு விரலும் கிட்டாரின் உடம்பில் ஊன்றியிருக்கும். கட்டைவிரல் தந்தியை அமுக்கித் தள்ளும், அடுத்த விரல் அதைச் சுண்டி மேலே இழுக்கும். சுண்டும்போது தந்தி 'டக்' என்று பலகையில் மோதித் திரும்பும். அந்த 'டக்'தான் அவர் கையெழுத்து. ஒரே வரியில் ஒரு ஸ்வரம் கிசுகிசுக்கும், அடுத்தது அதட்டும். பேச்சில் ஏற்ற இறக்கம் வருகிற மாதிரி. இன்னொன்று, அவர் இடதுகைக்காரர், ஆனால் வலதுகைக்காரர்கள் மாதிரி கிட்டாரைப் பிடிக்கிறார். ஸ்வரத்தை அமுக்கி நடுக்கம் கொடுக்கிற வேலை இடதுகைக்கு என்பதால், அந்த நடுக்கத்தில் அவருக்கு அவ்வளவு பிடி என்று பலர் சொல்வதுண்டு.

'சுல்தான்ஸ்' பாட்டின் கடைசித் துண்டைக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். ஸ்வரம் கடினமில்லை. டி மைனர், பி ஃப்ளாட், சி என்று சாதாரணக் கார்டுகளையே பிரித்து மூன்று மூன்று ஸ்வரமாக ஓடவிட்டிருக்கிறார். பிளெக்ட்ரத்தால் வாசித்தால் எல்லா ஸ்வரமும் சரியாக விழும், பாட்டு மட்டும் வராது. பிளெக்ட்ரத்தைக் கீழே வைத்துவிட்டு மூன்று விரலால் மெதுவாக ஆரம்பித்தால் சில வாரத்தில் வந்துவிடும். அந்த நொடியில், பேர் தெரியாத ஒரு மனிதரின் கை இந்தப் பையனின் கைக்குள் வந்துவிடுகிறது. இனி அவன் கல்யாண வீட்டில் இளையராஜா பாட்டுக்கு வாசித்தாலும் அந்த 'டக்' எங்காவது ஒரு இடத்தில் கேட்கும்.

எங்கள் மண்ணில் இதைப் புரியவைப்பது எளிது. பாலக்காடு மணி ஐயர் 1981-இல் மறைந்தார். அவரை மேடையில் கேட்டவர்கள் இன்று குறைவு. ஆனால் மிருதங்கத்தின் இடதுபக்கமான தொப்பியில் அவர் எழுப்பிய கும்கி என்கிற நாதத்தை, அவர் சீடர்களுக்குச் சீடர்களானவர்கள் இன்றும் கொண்டுவர முயல்கிறார்கள். சபாவில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் தலையை ஆட்டி "இது மணி ஐயர் பாணி" என்பார். வாசிக்கிற பையனுக்கே சில சமயம் அது தெரியாது. குரு சொல்லிக் கொடுத்தார், வாசிக்கிறான்.

கர்நாடக இசையில் பாணியைக் கைமாற்றிக் கொடுக்க குருகுலம் இருக்கிறது. பேரைக் காப்பாற்றவும் ஏற்பாடு இருக்கிறது: கோட்டாயியில் பிறந்த செம்பை வைத்தியநாத பாகவதர் 1974-இல் மறைந்த பிறகு, குருவாயூரில் ஏகாதசியை ஒட்டி நடக்கும் சங்கீத உற்சவம் அவர் பேரிலேயே வருடந்தோறும் நடக்கிறது. ராக் இசைக்கு அப்படிக் கோயிலும் இல்லை குருகுலமும் இல்லை. விசிறிகள் இருக்கும்வரை பேர் இருக்கும். அவ்வளவுதான். ஆனால் கை மட்டும் குருகுலம் இல்லாமலேயே கடந்துபோய்விடுகிறது. முன்பு கேசட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, இப்போது யூட்யூப் வீடியோவைப் பாதி வேகத்தில் ஓட்டி.

கைக்குள் தற்செயலும் அடங்கும். 'மணி ஃபார் நத்திங்' தொடக்கத்தில் வருகிற அந்த முரட்டுக் கிட்டார்ச் சத்தம் கரீபியன் தீவான மான்செராட்டில் இருந்த ஸ்டுடியோவில் பதிவானது. ஒலிப்பதிவாளர் நீல் டார்ஃப்ஸ்மன் மைக்குகளை வைத்துக்கொண்டிருந்தார். ஒரு மைக் தரையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது, இன்னொன்று ஸ்பீக்கரைச் சரியாகப் பார்க்காமல் ஒதுங்கியிருந்தது. சரிசெய்வதற்குள் சத்தம் அற்புதமாக வந்துவிட, எதையும் தொடாதே என்று அப்படியே பதிவுசெய்தார்கள். பின்னால் அதே சத்தத்தைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தும் முடியவில்லையாம். 1989-இல் ஹியூகோ புயல் அந்த ஸ்டுடியோவையே நாசமாக்கிவிட்டது. உலகம் முழுக்க கிட்டார் பிள்ளைகள் இன்னும் அந்தச் சத்தத்தைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்களே பார்த்துக்கொள்ள

வேறு எந்தக் குழுவைப் பற்றியும் இந்தக் கேள்வி வந்தால் என்ன பார்க்க வேண்டும்?

விற்பனைக் கணக்கை முதலில் ஒதுக்கி வையுங்கள். அது அன்றைய கூட்டத்தைக் காட்டும், இன்றைய நிலையைக் காட்டாது. ஏலத் தொகையும் அப்படித்தான். 2024 ஜனவரியில் நாஃப்ளர் தன்னுடைய 120-க்கும் மேற்பட்ட கிட்டார்களை லண்டனில் கிறிஸ்டீஸ் மூலம் ஏலம் விட்டார், 88 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. பார்த்தால் பிரமிப்பாக இருக்கிறது. அது சொல்வது, அந்தக் காலத்து விசிறிகள் இப்போது வசதியாக இருக்கிறார்கள் என்பதைத்தான். ஒரு பதினைந்து வயதுப் பெண் அவரைக் கேட்கிறாளா என்பதற்கு அதில் பதில் இல்லை.

நம் வயதும் நம்மை ஏமாற்றும். பதினாறு பதினேழு வயதில் கேட்ட பாட்டு உலகத்துக்கே தெரியும் என்று நினைப்பது மனித இயல்பு. 2005-இல் நாஃப்ளர் மும்பையிலும் பெங்களூரிலும் வாசித்தபோது போய்வந்தவர்கள், அந்தக் கூட்டத்தைப் பார்த்து இவரை யாரும் மறக்கவே இல்லை என்று நினைத்தார்கள். கூட்டத்தின் அளவைவிட அதன் வயதைப் பார்த்திருக்க வேண்டும்.

பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. அந்தக் குழு கலைந்த பிறகு பிறந்தவர்கள் கற்றுக்கொள்கிறார்களா? பாட்டு அதன் சொந்த இடத்தை விட்டு வேறு இடத்துக்கு, மைதானத்துக்கோ துக்க வீட்டுக்கோ பள்ளி பிரேயருக்கோ, குடிபோயிருக்கிறதா? அப்புறம் முக்கியமாக, அதிலிருந்து யாராவது வேறு ஒன்றைச் செய்தார்களா? கேரளத்திலேயே பாருங்கள். கொச்சியில் 13ஏடி என்ற குழு எழுபதுகளின் கடைசியில் இங்கிலீஷ் ராக் வாசிக்க ஆரம்பித்து, 1990-இல் 'கிரவுண்ட் ஜீரோ' என்று சொந்த ஆல்பம் போட்டது. அதன் பிறகு வந்த மதர்ஜேன் குழுவில் பைஜு தர்மஜன் எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக கமகத்தைக் கொண்டுவந்தார். 2008-இல் அவியல் குழு மலையாளத்திலேயே ராக் பாடி ஆல்பம் வெளியிட்டது. இன்று அவியலைக் கேட்டு ஆடுகிற கல்லூரிப் பிள்ளைக்கு 13ஏடி தெரியாமல் இருக்கலாம். ஆனால் இந்த ஊரிலும் ராக் வாசித்துப் பிழைக்கலாம் என்று முதலில் வாசித்துக் காட்டியவர்கள் இல்லாமல் பின்னால் வந்தவர்களின் மேடை அவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்காது.

சரி, டைர் ஸ்ட்ரெயிட்ஸுக்கு என் தீர்ப்பு. பேர் மங்கிவிட்டது, இன்னும் மங்கும். பாட்டில் மூன்று நான்கு நிற்கும், மற்றவை தேடிப் போகிறவர்களுக்கு மட்டும். கை மங்கவில்லை, வெறும் விரலால் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கலாம் என்று நினைக்கிற எவனிடமும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்'கில் ஆரம்பியுங்கள், ஆனால் கிட்டாரை விட்டுவிட்டு ஒருமுறை பிக் விதர்ஸின் டிரம்ஸை மட்டும் கேளுங்கள். அடுத்து 1980-இல் வந்த 'ரோமியோ அண்டு ஜூலியட்'. அட்டைப்படத்தில் மிதக்கிற அந்த உலோகக் கிட்டாரின் குரல் அதில் இருக்கிறது. பிறகு ஒரு 14 நிமிடம் ஒதுக்கி 'டெலிகிராஃப் ரோடு'. ஒரு வழிப்போக்கன் காட்டில் மூட்டையை இறக்கி வைக்கிறான், அங்கே ஒரு ஊர் முளைக்கிறது, தொழிற்சாலை வருகிறது, ஆறு வழிச் சாலை வருகிறது, பிறகு வேலை போகிறது. அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் ஓடுகிற ஒரு நிஜச் சாலையைப் பார்த்து எழுதியது. கஞ்சிக்கோட்டில் மூடிக் கிடக்கும் கம்பெனி கேட்டுகளைத் தாண்டி தினமும் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. கடைசி நாலு நிமிடம் வெறும் கிட்டார்தான், ஹெட்ஃபோனில் கேளுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள்.